டர்போ வண்டிக்கு மாமி பக்கம் ஒரு பொத்தான்

பம்பாய் செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் நிற்கிற சின்னக் கார்களில் பாதிக்கு மேல் பின்புறத்தில் 'டர்போ' என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்தைப் பார்த்ததும் ஆளுக்கொரு சாஸ்திரம் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். டர்போ இருந்தால் எஞ்சின் சீக்கிரம் செத்துவிடும் என்கிறார் இரண்டாம் மாடி நாயர். அது சும்மா இருக்கும், ஏதோ ஒரு ஸ்விட்சைப் போட்டால்தான் முழித்துக்கொள்ளும் என்கிறார் சொசைட்டி செக்ரட்டரி. டர்போ தானாகவே பெட்ரோலை மிச்சப்படுத்தும், அதனால் எப்படி மிதித்தாலும் கவலையில்லை என்கிறார் என் மருமகன். கேட்டில் நின்று இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம், நான் ரிட்டயரான மெக்கானிக் என்பதால், பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். போன வாரம் செக்ரட்டரி, "செல்லையா அண்ணா, உங்க காலத்துல டர்போ ஏது?" என்று வேறு கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் காலத்தில் அது பாட்டுக்கு ஃபேக்டரியிலிருந்தே பொருந்தி வருகிறது. எங்கள் காலத்தில் நாங்களே பொருத்தினோம், ஐயா.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவன் நான். மாமாவோடு தோல் பதனிடும் வேலைக்குப் போனேன். அந்த நாற்றம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சோறு இறங்கவில்லை. குர்லாவில் சாகுல் பாயின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டேன். கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரையும்போல ஸ்பேனரில் விரல் நசுங்கி, ஆயிலில் குளித்துக் கற்றுக்கொண்டேன். எண்பதுகளில் நான்தான் அங்கே பெரிய மெக்கானிக்.

பாயைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. கடையநல்லூர்க்காரர். கட்டம் போட்ட கைலி, வெள்ளைத் தொப்பி, நல்ல பருத்த உடம்பு. எந்த வண்டி ரிப்பேருக்கு வந்தாலும் முதலில் பானெட்டைத் திறக்கவே விடமாட்டார். "வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்று வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். சயான் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். போகும்போதும் வரும்போதும் ரோட்டைப் பார்க்க மாட்டார். ஓட்டுகிறவரின் காலையும் கையையும்தான் பார்ப்பார். திரும்பி வந்து இறங்கியதும் என்னிடம், "கிளட்ச் மேலயே கால வச்சிருக்காருவே, பிளேட் தேஞ்சிருக்கும், கழட்டும்" என்பார். கழற்றினால் பிளேட் தேய்ந்துதான் இருக்கும். வண்டியைக் கெடுப்பது ரோடு இல்லை, பழக்கம் என்பது அவர் கட்சி. அதற்காக யாரையும் திட்டவும் மாட்டார். "மனுசன் இருக்கிற மாதிரி இருக்கட்டும், நாம வண்டிய அவனுக்குத் தக்கன மாத்துவோம்" என்பார். இந்த ஒரு பேச்சுக்காகவே எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

வைத்தியநாதன் சார் எங்களிடம் வந்தது அப்போதுதான். மாதுங்காவாசி, ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். கிரீம் கலர் கார் வைத்திருந்தார். ஊரில் ஓடுகிற டாக்சிகளெல்லாம் எந்த மாடலோ, அதே மாடல். அந்த வண்டியை அவர் வைத்திருந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழந்தைக்குத் துடைப்பதுபோல மல் துணியில் துடைப்பார். பெட்ரோல் விஷயத்தில் மட்டும் மகா கெட்டி. சிக்னலில் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுவார். பாலத்தில் இறங்கும்போது அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுவார். பம்பாயில் அன்றைக்கு எல்லாரும் செய்ததுதான், சார் அதை ஒரு நேமமாகவே செய்தார்.

வந்ததும் பாயிடம் நேராகக் கேட்டார்: "பாய், இதுக்கு ஒரு டர்போ போட முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய் சிரிக்கவில்லை. "எதுக்கு சார்?" என்றார்.

சார் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். அவர் பெண் விஜியைப் பூனாவில் கொடுத்திருந்தது. முந்தைய வருஷம் சாரும் மாமியும் பட்சணம், பாத்திரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு அங்கே போயிருக்கிறார்கள். வழியில் மலை ஏற வேண்டும். காட் என்பார்கள். செங்குத்தான வளைவில் வண்டி திணறி நின்றுவிட்டது. பாரம் குறைந்தால்தான் ஏறும் என்று மாமியை இறங்கி நடந்து வரச் சொல்லியிருக்கிறார். மாமி இரண்டு கையிலும் பாத்திரத்தோடு மூச்சு வாங்க நடந்துகொண்டிருக்கும்போது, பெரிய வண்டியில் சம்பந்தி வீட்டார் அவரைக் கடந்து போயிருக்கிறார்கள். "பார்த்துட்டா பாய், அத்தனை பேரும் பார்த்துட்டா. அன்னிலேர்ந்து எங்காத்து மாமி இந்த வண்டியில கால் வைக்க மாட்டேன்னுட்டா. இப்போ விஜிக்குச் சீமந்தம் வர்றது. பட்சணத்தையெல்லாம் தூக்கிண்டு டிரெயின்ல தனியாப் போறாளாம். நான் கார்ல தனியா வரணுமாம். சம்பந்தி வாசல்ல ரெண்டு பேரும் ரெண்டு திசையிலேர்ந்து போய் இறங்கினா நன்னாவா இருக்கும்?"

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "போட்டுப் பாப்போம் சார்" என்றார்.

டர்போ என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எஞ்சின் கக்குகிற புகை வீணாகத்தானே போகிறது? அந்த வேகத்தில் ஒரு சின்ன விசிறியைச் சுற்றவிட்டால், அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். கொல்லன் துருத்தி மாதிரி. காற்று கூடினால் பெட்ரோலும் கூடத்தான் எரியும், பலமும் கூடும். சும்மா கிடைப்பது ஒன்றுமில்லை. மெதுவாகப் போனால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். மிதித்தால், ஒரு கணம் யோசித்துவிட்டு, பிறகு தள்ளும். இதற்கு ஸ்விட்ச் ஏது?

குர்லா பழைய சாமான் சந்தையில் அப்போது வெளிநாட்டுச் சின்னக் கார் எஞ்சின்கள் உடைசலாக வந்து குவியும். அதில் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இரண்டு டர்போக்களைப் பொறுக்கி வந்தேன். ஒன்றைப் பொருத்த, மற்றது உதிரிக்கு. சார் ஆபீஸ் லைப்ரரியிலிருந்து வெளிநாட்டுப் பத்திரிகைகளை வாங்கி வந்து, எங்களுக்கு வாசித்துத் தமிழில் சொல்வார். எவ்வளவு அழுத்தம் வைக்கலாம் என்ற கணக்கு அவருடையதுதான். எனக்கு ஆசை அதிகம், இன்னும் கூட்டலாம் என்றேன். நம் ஊர்ப் பெட்ரோலுக்கு அது தாங்காது, எஞ்சின் உள்ளே டக்டக்கென்று தட்ட ஆரம்பித்துவிடும் என்று சார் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. பாயும் தலையாட்டினார்.

பொருத்துவதில் பாய் காட்டிய பொறுமையை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அந்தத் தண்டு பம்பரத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றுவது. ஆயில்தான் அதற்கு உயிர். எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் வழியாக ஆயில் உள்ளே வரவேண்டும், கீழே ஒரு தடித்த குழாய் வழியாகத் திரும்பிப் போகவேண்டும். திரும்புகிற குழாய் ஓரிடத்தில்கூட மேட்டில் ஏறக்கூடாது, சரிவாகவே இறங்கவேண்டும். நான் வைத்த குழாயை மூன்று தரம் கழற்றவைத்தார். கடைசியில் ஸ்டார்ட் செய்யப்போனேன். "இருவே" என்றார். தீப்பொறி தருகிற காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் பிடிக்காமல் வெறுமனே சுற்றவைத்தார். திரும்புகிற குழாயின் வாயில் ஆயில் சொட்டுகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். முதல் சொட்டு விழுந்ததும் விரலை என் முகத்துக்கு நேரே காட்டி, "இப்ப தாகம் தீந்துச்சு. ஸ்டார்ட் பண்ணும்" என்றார்.

வெளியே டாக்சிக்காரர்கள் கூடிவிட்டார்கள். வெடித்துவிடும் என்று பத்தடி தள்ளியே நின்றார்கள். ஒருவன், "க்யா ரே மதராசி, ராக்கெட் லகாயா க்யா?" என்றான், ராக்கெட்டா மாட்டியிருக்கிறாய் என்று. எஞ்சின் சாதாரணமாக ஓடியது. வெடிக்கவும் இல்லை, பறக்கவும் இல்லை. அவர்கள் முகத்தில் வந்த ஏமாற்றத்தைப் பார்க்கவேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை சார் தனியாகக் காட் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே குதித்தார். "மூணாவது கியர், செல்லையா! அந்த வளைவுல மூணாவது கியர்ல ஏறித்து!" பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்தடுத்த ஞாயிறுகளும் போனார். மாமியிடம் மூட்டை மூட்டையாகப் பெருமை பேசினாராம். மாமி, "ரொம்ப சந்தோஷம். எனக்கு டிரெயின்ல டிக்கெட் எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டாராம்.

பிறகு ஒரு நாள் வண்டி நீலப்புகை கக்கிக்கொண்டு வந்தது. டர்போ கீச்சென்று அலறியது. கழற்றினேன். தண்டு நிற்கிற இடமெல்லாம் ஆயில் கருகி, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கரிக்கட்டியாக இருந்தது. ஆயில் மட்டரகம் என்றேன் நான். பழைய சாமான்தானே, ஏற்கெனவே தேய்ந்திருக்கும் என்றார் பாய். இரண்டு பேரும் சொன்னது தப்பு. உதிரி டர்போவைப் போட்டோம். இது போனால் வேறில்லை. சீமந்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சார் முகம் வாடிவிட்டது.

"வாங்க சார், ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார் பாய். இந்தத் தடவை டீ குடிக்க காட் உச்சியில் இருக்கிற கண்டாலா வரை போகவேண்டியிருந்தது. சார் ஓட்ட, பாய் பக்கத்தில், நான் பின்னால். வண்டி ஏறிய அழகை என்ன சொல்ல! உச்சிக்கு வந்து, ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார் சார். ஹேண்ட்பிரேக் போடுவதற்கு முன்னாலேயே அவர் கை சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டது. "பாவம், எவ்வளவு தூரம் ஏறித்து, களைச்சுப் போயிருக்கும்" என்று பானெட்டைத் திறக்க இறங்கினார்.

பாய் அசையவில்லை. மெதுவாக, "சார், அந்தப் பத்திரிகையில நிறுத்துறதப் பத்தி என்ன போட்டிருந்தான்?" என்று கேட்டார்.

சார் பானெட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அவரே எங்களுக்கு வாசித்துக்காட்டியதுதான். மலை ஏறி வந்த டர்போ நெருப்பாகக் கொதிக்கும். உடனே எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, உள்ளே இருக்கிற ஆயில் அந்தச் சூட்டில் கருகிப்போகும். ஒன்றிரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, ஆற வைத்துத்தான் நிறுத்தவேண்டும்.

"ஐயோ" என்றார் சார். "எனக்கே தெரியுமே பாய். கைக்குத்தான் தெரியலை."

அது அவருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. எஞ்சின் சும்மா ஓடுகிற சத்தம் கேட்டால் எங்கள் காலத்து பம்பாய்க்காரனுக்கு வயிற்றெரிச்சல். போதாததற்கு மலை ஏறிய வண்டி மீது இரக்கம் வேறு. நிறுத்தி ஓய்வு கொடுப்பதாக நினைத்து அவர் அதைக் கொன்றுகொண்டிருந்தார். இனிமேல் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்தார். திரும்பி வருகிற வழியில் கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் அவர் கை மறுபடியும் சாவியைத் திருப்பியது. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன், சிரிப்பு வந்துவிடும் என்று.

மறுநாள் பாய் என்னைக் கூப்பிட்டு ஒரு பொத்தான் வைக்கச் சொன்னார். சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்கக்கூடாது. பொத்தானை அழுத்தினால்தான் நிற்கவேண்டும். பொத்தானை ஓட்டுகிறவர் பக்கத்தில் வைக்கக்கூடாது. இடது கதவோரம், டேஷ்போர்டுக்கு அடியில், சார் எட்டினாலும் எட்டாத மூலையில். தனியாகப் போனால் சார் இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்து அழுத்தவேண்டும். அதற்குள் டர்போ பாதி ஆறிவிடும்.

சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வண்டியை நிறுத்த நான் பிரதட்சிணம் பண்ணணுமா?"

"சிரமமா இருந்தா அந்தப் பக்கம் மாமிய உக்கார வச்சுக்கிடுங்க சார்" என்றார் பாய்.

பாய் என்னை மாதுங்காவில் சார் வீட்டுக்கு அனுப்பினார். "வண்டியப் பத்திச் சொல்லும். வேற எதுவும் பேசாதீரும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஜெயம் மாமி காபி கொடுத்தார். நல்ல காபி. பொத்தானைப் பற்றிச் சொன்னேன். "மாமி, இப்ப வண்டி ஜம்முனு ஏறுது. நடக்கவே வேண்டாம். சம்பந்தி வீட்டு ஆளுக முன்னாலயே ஏறிக் காட்டலாம்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

மாமி டவராவைக் கீழே வைத்தார். "சம்பந்தி பார்த்தா பார்க்கட்டுமே! யாரு வேண்டாம்னா? நடந்ததுக்காகவா நான் கோவிச்சுண்டேன்? மாதுங்கா மார்க்கெட்லேர்ந்து தினம் மூட்டை தூக்கிண்டு நடக்கறவதானே நான்? அன்னிக்கு மேலே வந்து சேர்ந்து, மூச்சு முட்டறது, தாகமா இருக்குன்னு சொன்னேன். கூஜால இருந்த ஜலம் அத்தனையும் ரேடியேட்டர்ல விட்டுட்டார். 'கொதிக்கறதுடி, பாவம்'னார். யாரு பாவம், செல்லையா? நீயே சொல்லு."

காபியைக் குடித்தேன்.

"இத சார்ட்டச் சொன்னியளா மாமி?"

"சொல்லித் தெரிஞ்சுக்கற விஷயமா இது?"

மாமி டவராவைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு, "நான் அழுத்தினாத்தான் வண்டி நிக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவர் சாவியைத் திருப்பினாக்கூட நிக்காதா?" நிக்காது என்றேன். மாமிக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. "டிரெயின் டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

பாயிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் விஷயத்தை சாரிடம் சொல்லிவிடலாமே என்றேன். பாய் தாடியைத் தடவினார். "நாம மெக்கானிக்குவே. பொத்தான் வச்சாச்சு. அதுக்கு மேல அவங்க பாடு" என்றார்.

சீமந்தத்துக்குப் போகிற அன்று, வழியில் ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள என்னையும் அனுப்பினார். பின் சீட்டில் எனக்கு இடமே இல்லை. மடியில் முறுக்குத் தூக்கு, காலடியில் லட்டுத் தூக்கு, பக்கத்தில் பித்தளைப் பாத்திரங்கள். மாமி முன்னால், புதுப் புடவையில், கையைப் பொத்தான் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காட் அடிவாரம் வந்தது. சாரின் கழுத்து வேர்த்தது. அந்த வளைவில் சார் மிதித்தார். டர்போ ஒரு கணம் யோசித்தது, பிறகு விசிலடித்துக்கொண்டு தள்ளியது. இத்தனை பாரத்தோடு, மூன்றாவது கியரில்! பின்னால் உட்கார்ந்து நான் மனசுக்குள் எங்கள் ஊர் இசக்கியம்மனைக் கும்பிட்டேன். மாமி முன்பு நடந்த இடம் ஜன்னலில் ஓடி மறைந்தது. மாமி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உச்சியில் சார் வண்டியை ஒதுக்கினார். கை பழக்கத்தில் சாவியைத் திருப்பியது. எஞ்சின் நிற்கவில்லை. சார் சிரித்துக்கொண்டே, "பார்த்தியா ஜெயம், எப்படி ஏறித்து? சரி, கொஞ்சம் ஆறினதும் அழுத்திடு" என்றார். இறங்கி, கூஜாவை எடுத்துக்கொண்டு, கால் பாட்டுக்கு பானெட் பக்கம் போனார். ரேடியேட்டர் கொதிக்கவில்லை. ஆனாலும் போனார்.

மாமி ஜன்னல் வழியாக, குரலை உயர்த்தாமல், "தாகமா இருக்கு" என்றார்.

சார் அப்படியே நின்றார். ஒரு கை பானெட் மேலேயும் ஒரு கை கூஜாவிலும். மாமியைப் பார்த்தார், கூஜாவைப் பார்த்தார். அவர் முகம் மெதுவாக மாறியது. நாங்கள் யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வண்டியைச் சுற்றிக்கொண்டு மாமி பக்கம் வந்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மாமி அவசரமே இல்லாமல் குடித்தார். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது, பெட்ரோல் எரிந்துகொண்டேயிருந்தது. பாலத்தில் இறங்கும்போதெல்லாம் எஞ்சினை அணைக்கிற மனுஷர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமி டம்ளரைக் கீழே இறக்கியதும், "இன்னும் கொஞ்சம் விடட்டுமா, ஜெயம்?" என்று கேட்டார்.

மாமி டம்ளரை நீட்டினார். பொத்தானை அப்போதும் அழுத்தவில்லை.